முதலில் கேஸ் ஷீட்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. உன் தோழியின் அக்கா பிள்ளைக்கு எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை, கைகால் விறைத்துக்கொள்கிறது, பிரசவத்தின்போது மூச்சு முட்டிவிட்டது என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். எந்த ஆஸ்பத்திரி என்று குறிப்பிடாமல் விட்டதும் நல்லதுதான். விசாரிக்காமல் யார் பேரையும் இழுக்கக் கூடாது. கடைசி வரியில், "கேஸ் போட்டால் ஜெயிக்குமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற நீ அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டிருக்க வேண்டும்: கேஸ் ஷீட் கையில் இருக்கிறதா?

பிரசவத்தில் பிள்ளைக்கு ஏற்படும் பாதிப்புக்கு நஷ்ட ஈடு கேட்கும் வழக்கு, முக்கால்வாசி அந்தக் காகிதக் கட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தாய்க்கு அந்த இரவு நினைவிருக்கும். ஆனால் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பது வலியில் கிடந்தவளுக்குத் தெரியாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஆயிரம் பிரசவத்தில் இது ஒன்று. ஐந்து வருஷம் கழித்து ஒரு நீதிபதி எதை நம்பித் தீர்ப்பு எழுதுவார், சொல்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே அந்தக் குடும்பத்துக்குப் புரியவைத்துவிடு. நீ எழுதியதைப் பார்த்தால் மூளை முடக்குவாதமாக இருக்கலாம். ஆனால் அது வந்த எல்லாப் பிள்ளைக்கும் பிரசவ அறைதான் காரணம் என்று கிடையாது. லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் 1862-இல், கடினமான பிரசவத்தில் மூச்சுத் திணறியதால்தான் இது வருகிறது என்றார். மனோதத்துவத்தில் பேர்வாங்கிய அதே ஃப்ராய்ட் 1897-இல் அதை மறுத்து, கோளாறு கர்ப்பத்திலேயே தொடங்கியிருக்கலாம், கடினமான பிரசவம் அதன் விளைவாக இருக்கலாம் என்று எழுதினார். இன்றைய மருத்துவம் ஃப்ராய்ட் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. குறைமாதம், கர்ப்பத்தில் தொற்று, மரபணுக் குறை, பிறந்தபின் மஞ்சள் காமாலை எல்லை மீறுவது என்று பல காரணம் உண்டு. அதனால் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, பாதிப்பு எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்கும் என்று சொல்வது அவசியம். பிரசவ நேரத்துக்குப் பொருந்தவில்லை என்று அவர் சொன்னால் வழக்கை விட்டுவிடுவதே நல்லது. வக்கீல் ஃபீஸுக்குப் போகிற காசு பிசியோதெரபிக்குப் போகட்டும்.

இனி காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது போதாது. முழு கேஸ் ஷீட் வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷ நடத்தை விதிகளின்படி நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுவும் சேர்த்துப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். வாயால் கேட்டுவிட்டு வராதே. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு.

வந்த கட்டில் பார்ட்டோகிராம் என்று ஒரு தாள் இருக்கும். பிரசவ வலியின் வரைபடம் அது. கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்பதை ஒரு பக்கம் குறிப்பார்கள், நேரம் இன்னொரு பக்கம். நாலு சென்டிமீட்டரில் தொடங்கி மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஏறும் ஒரு கோடு அச்சடித்தே இருக்கும். அதற்கு நாலு மணி நேரம் வலப்பக்கம் தள்ளி இன்னொரு கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் உஷார், இரண்டாவதைத் தொட்டால் சிசேரியனா வேறு வழியா என்று முடிவெடுத்தாக வேண்டும். மேலே, சிசுவின் இதயத் துடிப்பை அரைமணிக்கொரு முறை புள்ளி வைக்கும் கட்டங்கள். நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 வரை இருந்தால் சரி. ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால், அல்லது எல்லாப் புள்ளியும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் மடமடவென்று வைத்தது போலிருந்தால், அந்தத் தாள் பேச ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள். வலி வர மருந்தை எப்போது ஏற்றினார்கள், பெரிய டாக்டருக்கு எப்போது போன் போனது, அவர் எப்போது வந்தார் என்பதையெல்லாம் நர்ஸ் குறிப்பில் தேடு. பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாம் நிமிஷத்திலும் போட்ட அப்கார் மதிப்பெண்ணையும் பார். பிறந்தபோது பிள்ளையின் நிலை பத்துக்கு எவ்வளவு என்பது அதில் தெரியும்.

உங்கள் ஊரில் இதோடு இன்னொரு தாளும் சேரும்: ரெஃபரல் சீட்டு. தீவிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது), அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பும்போது ஒவ்வொரு இடத்திலும் நேரம் எழுதியிருப்பார்கள். அனுப்ப முடிவு செய்தது எப்போது, படகோ ஹெலிகாப்டரோ கிடைத்தது எப்போது, இடையில் யார் கூட இருந்தார்கள்? வானிலையால் வந்த தாமதத்துக்கு டாக்டர் பொறுப்பில்லை. ஆனால் காலையிலேயே அனுப்பியிருக்க வேண்டியவளைச் சாயங்காலம் வரை வைத்திருந்தார்களா என்பது வேறு கேள்வி. சென்னையில் சேர்த்தபோது அந்த ஆஸ்பத்திரி எழுதிக்கொண்ட முதல் பக்கமும் வேண்டும். அதில் வழக்குக்கே தொடர்பில்லாத ஒரு மருத்துவர், பிள்ளை எந்த நிலையில் வந்தது என்று எழுதியிருப்பார். அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அபூர்வம்.

நீ படிக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு: வி. கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு. 1996 ஆகஸ்ட் 30-ஆம் தேதி எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் 29-ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, உயிரைக் காப்பாற்றினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகும் அபாயம் உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கண் டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டால் தடுக்க வழியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதவில்லை. சில மாதங்களில் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தபோது பார்வை போய்விட்டிருந்தது. கறாராகச் சொன்னால் இது பிரசவ அறைக் காயம் அல்ல, பிறந்தபின் நேர்ந்த கவனக்குறைவு. சட்டம் இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்கிறது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-இல் ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. தகப்பனார் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1-ஆம் தேதி நீதிபதிகள் கேஹர், பாப்டே இருவரும், எதிர்காலச் செலவுக்கு 1 கோடியே 38 லட்சம், அதுவரை ஆன வைத்தியச் செலவுக்கு 42,87,921 ரூபாய் என்று தீர்ப்பளித்தார்கள். எதிர்காலத் தொகையில் பெரும்பங்கு அரசின் தலையில், இரண்டு மருத்துவர்கள் மேல் ஆளுக்கு நாலு லட்சம்தான். ஐந்து லட்சம் ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டியது எப்படி? வருத்தத்துக்கு விலை போடவில்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்கப்போகும் வருஷங்களை எண்ணினார்கள், விலைவாசி ஏற்றத்தையும் சூத்திரம் போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் இதையும் குறித்துக்கொள்: தீர்ப்பு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது நெருங்கிவிட்டது. இந்த நாட்டு நீதிமன்றங்களைப் பற்றி நான் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மனு எழுதும்போது "மன உளைச்சலுக்கு ஒரு கோடி" என்று மொத்தமாகக் கேட்பவர் கூட உட்காராதே. கணக்குப் போடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாதம் ஆள் சம்பளம் எவ்வளவு? பிசியோதெரபிக்கு வாரம் எத்தனை முறை? சக்கர நாற்காலி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? சென்னைக்குப் போய்வர விமானச் சீட்டு எவ்வளவு? இதைத் தீவுக்காரர்தான் எழுத முடியும், மெயின்லேண்ட் வக்கீலுக்குத் தோன்றாது. வேலையை விட்ட தாயின் வருமானத்தையும் சேர். 2020-இல், சாலை விபத்தில் முழுமையாக ஊனமான 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவியாளர் இரண்டு பேருக்கு மாதம் ஆளுக்கு 5,000 என்று வைத்து, அதை வருஷக் கணக்காக்கி 18-ஆல் பெருக்கி, அந்த ஒரு தலைப்பில் மட்டும் 21,60,000 கொடுத்தது. அது விபத்து வழக்குதான், ஆனால் அந்தக் கணக்குமுறையை நீ எடுத்துக்காட்டலாம். இன்றிலிருந்து ஒவ்வொரு ரசீதையும் ஒரு ஃபைலில் போடச் சொல். ரசீதில்லாத செலவை ஊகமாகத்தான் கொடுப்பார்கள், அதுவும் கஞ்சத்தனமாக.

எங்கே வழக்குப் போடுவது? காசு வாங்கிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டம் வந்தபின் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய வசதி: புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். சென்னையில் நடந்த தவறுக்குச் சென்னை வரை அலைய வேண்டியதில்லை. இணையத்தில் தாக்கல் செய்யலாம், காணொளியில் ஆஜராகவும் கேட்கலாம். எந்த ஆணையம் என்பதும் இப்போது நீ கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. அது 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 80,000 கட்டியவர் இரண்டு கோடி கேட்டாலும் அங்கேதான். கட்டியது ஐந்து லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணமே கிடையாது. உங்கள் தீவுகளில் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிதானே, அங்கே சிக்கல் வரும். 1995-இல் வந்த இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா தீர்ப்பின்படி, எல்லாருக்கும் எல்லாமே இலவசம் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடம் என்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே. பொருந்தாது என்றானால் சிவில் கோர்ட் இருக்கிறது. அரசுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தவறு பளிச்சென்று தெரிந்தால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வில் ரிட் போடலாம். உண்மையையே நிரூபிக்க வேண்டிய வழக்கை அங்கே எடுக்கமாட்டார்கள்.

போலீஸுக்குப் போகலாமா என்று அந்தப் பிள்ளையின் மாமனோ சித்தப்பனோ நிச்சயம் கேட்பார்கள். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மிக அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஜெயித்தாலும் பிள்ளையின் செலவுக்குப் பணம் வராது. தவிர, சின்னத் தீவில் ஒரே ஒரு பிரசவ டாக்டர் இருப்பார், ராப்பகல் பாராமல் ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கு விலங்கு மாட்டிப் பார்க்க ஆசைப்படுவதில் அடுத்த பிரசவக்காரிக்கும் லாபமில்லை. ஜப்பானில் 2009 முதல், பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான மூளை முடக்குவாதத்துக்கு, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே மொத்தம் 3 கோடி யென் கொடுக்கும் காப்பீடு நடக்கிறது. கூடவே, என்ன நடந்தது என்று ஆராய்ந்து அறிக்கையும் தருகிறார்கள். நம் நாட்டுக்கும் அதுதான் சரி என்பது என் கட்சி. அது வரும்வரை தவறை நிரூபித்துத்தான் ஆக வேண்டும்.

காலக்கெடு விஷயத்தில் ஏமாந்துவிடாதே. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிப்பார்கள், காட்டாவிட்டால் இல்லை. சிவில் கோர்ட்டில் மைனருக்கு லிமிட்டேஷன் சட்டம் சலுகை கொடுக்கிறதே, பதினெட்டு வயதுக்குப் பிறகும் போடலாமே என்று வகுப்பில் படித்ததைச் சொல்வாய். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை மூன்று வருஷம்தான் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். உரிமை இருக்கும், தாள் இருக்காது.

பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. வருகிற நஷ்ட ஈட்டில் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசும் வக்கீல் வந்தால் திருப்பி அனுப்பிவிடு, பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். ஊனமுற்றோர் அடையாள அட்டையும், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் வருஷம் ஒரு லட்சம் வரையான மருத்துவக் காப்பீடும் இப்போதே கிடைக்கும். பயிற்சி சிகிச்சையைத் தீர்ப்பு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வருஷத்தில் கிடைக்கும் முன்னேற்றம் பிறகு எத்தனை லட்சம் வந்தாலும் கிடைக்காது.

கேஸ் ஷீட் கேட்கும் மனு இரண்டு வரிதான். தாயின் பெயர், சேர்த்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, "தாய், சேய் இருவரின் முழு மருத்துவ ஆவணங்களின் சான்றிட்ட நகல் வேண்டும்" என்ற வாசகம், கையெழுத்து. இரண்டு வருஷத்தில் எட்டு மாதம் ஏற்கனவே போய்விட்டது. வருகிற திங்கட்கிழமையே கொடுக்கச் சொல். நீயும் கூடப் போ.

இப்படிக்கு,
உன் மாமா