கம்பெனி அமெரிக்காவில், வழக்கு செங்கல்பட்டில்

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஷாப்பிங் செயலியில் 'கைத்தறி வாழைநார்ச் சேலை' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்தது பாலியெஸ்டர். நெசவாளர் வீட்டுப் பெண் நான், தொட்டதுமே தெரிந்துவிட்டது. திருப்பி எடுக்கச் சொன்னால், "நாங்கள் தளம் மட்டும்தான், விற்றவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். அமெரிக்கக் கம்பெனியை நான் எங்கே போய்ப் பிடிப்பது?
- வாசகி, அனகாபுத்தூர்

பதில்: நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் சகோதரி. அவர்கள்தான் செங்கல்பட்டுக்கு வர வேண்டும்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வெளிநாட்டு முதலீடுள்ள இணைய அங்காடிகள் பொதுவாகத் தாமே சரக்கு வாங்கி வைத்து மக்களுக்கு விற்க இங்கே அனுமதியில்லை. சந்தை நடத்தலாம், அவ்வளவுதான். அதற்காகப் பொறுப்பு போய்விடாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்தியாவில் பதிவு செய்யாமல் இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கவே முடியாது.

சேலையை உடுத்தாமல், துவைக்காமல் வையுங்கள். முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். வாழைநார் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும். அதை வீடியோ எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது.

நம்மிடம் விற்பதற்காக இவர்கள் தமிழ் கற்றார்கள், வாசலில் நின்று ரொக்கம் வாங்கப் பழகினார்கள். புகார் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆகிவிடுவதை ஏற்கவே கூடாது. வாழைநார் என்று பொய் சொல்லி விற்கும் ஒவ்வொரு சேலையும் உங்கள் ஊர்த் தறிக்காரரின் கூலியில் கைவைக்கிறது.

முதலில் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.