கேமரா தன் பிள்ளையைத்தான் அடையாளம் காணும்

கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பெண் வீட்டுக்குப் போகிறீர்கள். ஹாலில் தாத்தா, பாட்டி, அத்தைமார் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். போனை நீட்டினால் கண்ணாடியைத் தேடுவார்கள். கலர் சரிசெய்த படங்களைக் கார்டில் ஏற்றி, கேமராவை அந்த வீட்டு டி.வி.யோடு இணைத்துக் காட்டுவதுதான் என் வழக்கம். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் இதைச் செய்துபார்த்துவிட்டு, “கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிந்தது, கேமராவில் வெறும் கேள்விக்குறிதான் வருகிறது” என்று என்னிடம் ஓடி வருகிறார்கள். அவர்களுக்காக இது.

1. பதறாதீர்கள். கார்டும் கெடவில்லை, படமும் கெடவில்லை. கேமரா எல்லாப் படத்தையும் திறக்கிற கம்ப்யூட்டர் அல்ல. தான் எழுதுகிற மாதிரி எழுதிய ஃபைலை மட்டும் படிக்கத் தெரிந்த சின்ன இயந்திரம். கம்ப்யூட்டரில் திருத்திய படம் தெரியாமல் போகலாம் என்று கேமராவோடு வரும் கையேட்டிலேயே ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். நாம்தான் அந்தப் புத்தகத்தைப் பெட்டியை விட்டே எடுப்பதில்லை.

2. முதலில் பெயரையும் இடத்தையும் பாருங்கள். பாதிக் கோளாறு இங்கேதான். 1998-ல் ஜப்பானில் டி.சி.எஃப். என்று ஒரு விதி வகுத்தார்கள். ஒரு கேமராவில் எடுத்த கார்டை இன்னொன்றில் போட்டாலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. அதன்படி கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 100 முதல் 999 வரை ஏதாவது ஓர் எண்ணும், அதையடுத்து ஐந்து எழுத்தும் கொண்ட ஃபோல்டர்கள். படத்தின் பெயரில் நான்கு எழுத்து, பிறகு 0001 முதல் 9999 வரை ஓர் எண். அவ்வளவுதான், மொத்தம் எட்டு. ‘முகூர்த்தம் ஃபைனல் புதுசு’ என்று நீங்கள் ஆசையாகப் பெயர் வைத்தால் கேமரா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே ஃபோல்டரில் முன்னெழுத்து வேறாகி, எண் மட்டும் ஒன்றாக இருக்கும் இரண்டு படங்களையும் போடாதீர்கள், அதிலும் குழம்பும்.

3. எண் வைப்பதில் நான் பட்ட பாடு ஒன்று. திருத்திய படங்கள் கடைசியில் தனியாக நிற்கட்டும் என்று 999 என ஃபோல்டர் போட்டு, ஒரு படத்துக்கு 9999 என்று பெயரும் வைத்தேன். அதே கார்டோடு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டேன். முதல் வளையல் ஏறும் நேரம், ஷட்டர் விழவில்லை. அடுத்த படத்துக்கு வைக்க கேமராவிடம் எண்ணே மிச்சமில்லை! வேறு கார்டு மாற்றுவதற்குள் மூன்று சுமங்கலிகள் வளையல் போட்டு முடித்திருந்தார்கள். அவர்களைத் திரும்பப் போடச் சொல்லி எடுத்தேன். அந்தச் சிரிப்பு முன்னது போல இல்லை.

4. ஆகவே காட்டுவதற்கென்று தனிக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜி.பி. போதும். அதை அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஃபோல்டரைக் கேமராவே உண்டாக்கிக்கொள்ளும், உங்களுக்குப் பெயர் வைக்கும் வேலை மிச்சம். இன்னும் நகல் எடுக்காத கல்யாணம் இருக்கிற கார்டில் கம்ப்யூட்டர் எதையும் எழுதக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

5. பெயர் சரியாக இருந்தும் தெரியவில்லையென்றால் சேமித்த விதத்தைப் பாருங்கள். ஜேபெக்கிலேயே வகை உண்டு. மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் எழுதுவது பேஸ்லைன். முதலில் மங்கலாக, பிறகு படிப்படியாகத் தெளிவாகிறது புரொக்ரெஸிவ்; இணையத்துக்கு வந்த ஏற்பாடு அது. கேமராக்கள் பெரும்பாலும் இதைத் திறக்காது. ஃபோட்டோஷாப்பில் சேமிக்கும்போது ‘பேஸ்லைன் ஸ்டாண்டர்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜிம்ப் வைத்திருப்பவர்கள் புரொக்ரெஸிவ் டிக்கை எடுத்துவிடுங்கள். அச்சுக்கென்று சி.எம்.ஒய்.கே.யில் மாற்றிய படம் வேண்டாம், ஆர்.ஜி.பி.தான். அப்படியும் அடம்பிடித்தால் தரத்தை 12-லிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள். மேல்தரத்தில் ஃபோட்டோஷாப் நிற விவரத்தைக் குறைக்காமல் முழுதாக எழுதுகிறது. கேமராக்கள் அதைப் பாதியோ கால்வாசியோ ஆக்கித்தான் எழுதிப் பழகியவை.

6. படத்தின் அளவு: எடுத்த அளவிலேயே விட்டால் பெரும்பாலும் வம்பில்லை. நாலைந்து படத்தை ஒட்டிய நீளப் பனோரமாவுக்குக் கேமராவை நம்பாதீர்கள்.

7. சின்னப் படம் ஒன்று பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? எக்ஸிஃப் விவரத்தோடு 160-க்கு 120 அளவில் ஒரு குட்டிப் படத்தையும் கேமரா எழுதி வைக்கும். ஒன்பது படம் சேர்ந்து தெரிகிற வரிசையில் காட்டுவது அந்தக் குட்டியைத்தான். சில மென்பொருள்கள் பெரிய படத்தைத் திருத்திவிட்டுக் குட்டியைப் பழையபடியே விட்டுவிடும். ஓரத்தில் நின்ற சித்தப்பாவைக் குடும்பச் சண்டைக்காக வெட்டச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் வெட்டியிருப்பீர்கள், வரிசையில் அவர் ஜம்மென்று நின்றுகொண்டிருப்பார். கிளம்பும் முன் வரிசையையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எக்ஸிஃபை முழுக்கத் துடைத்தாலும் தொல்லை. விவரமே இல்லாத படத்தைச் சில கேமராக்கள் ஏற்பதில்லை, காட்டினாலும் பெரிதாக்க விடுவதில்லை.

8. கேமராத் திரையைப் பார்த்து நிறத்தையோ ஃபோகஸையோ முடிவு செய்யாதீர்கள். நாங்கள் நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்த காலத்தில்கூட, பிரிண்ட் போட்டுப் பார்க்காமல் சரி என்று சொன்னதில்லை. 10.4 லட்சம் புள்ளி என்று விளம்பரம் செய்கிறார்களே, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிய கணக்கு அது. படப் புள்ளியாகப் பார்த்தால் 720-க்கு 480, ஏறக்குறைய மூன்றரை லட்சம். 24 மெகாபிக்ஸல் படம் என்றால் எழுபது புள்ளி ஒன்றாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில் ஃபோகஸ் தப்பின முகம்கூடக் கூர்மையாகத்தான் தெரியும். நிறமும் அப்படித்தான்: அந்தத் திரையில் பொட்டின் சிவப்பும் பட்டுப்புடவையின் அரக்கும் வெயிலில் பார்த்தால் ஒன்று, மண்டப விளக்கில் பார்த்தால் ஒன்று.

9. எச்.டி.எம்.ஐ. ஒயரில் கேமரா பக்கத்து முனை மினியா மைக்ரோவா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி நிறைய இருக்கட்டும். டி.வி.யில் நிறம் அடிக்கிற மாதிரி ‘விவிட்’ வைத்திருப்பார்கள். மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். அதற்காக நீங்களே ரிமோட்டை எடுத்து நோண்டாதீர்கள், மணப்பெண்ணின் தம்பியிடம் சொல்லுங்கள், அவனே மாற்றிக் கொடுப்பான்.