குவளையை நீட்டுமுன்

மராத்தான் 42.195 கி.மீ.; அதற்கு மேற்பட்ட தொலைவை ஓடுவது அல்ட்ரா மராத்தான். லாலாகுடாவில் என் அறை நண்பர் அவ்வகை ஓட்டக்காரர். விடியலில் மௌலாலி குன்றில் பயிற்சி செய்பவர். சென்ற ஆண்டு மலைப்பாதை ஓட்டமொன்றில் அவருக்குத் துணையாகச் சென்றேன். வேதியியல் மாணவன் தண்ணீர் சுமக்கப் போனான் என்று சிரிக்கவேண்டாம். அன்று நான் செய்தது வேதியியற் பிழையே.

ஐம்பதாவது கிலோமீட்டரில் தலைவலியும் குமட்டலுமாகத் தள்ளாடி வந்தார். உடலில் நீர் வற்றியதென்று எண்ணி மேலும் இரண்டு குவளை ஊட்டினேன். அவரோ வழியெல்லாம் குடித்தே வந்தவர். விரல் வீங்கி மோதிரம் இறுகியிருந்ததை மருத்துவர் காட்டிய பிறகே கண்டேன்.

குருதியில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்கவேண்டும். நெடிய ஓட்டத்தில் வாசோபிரெசின் என்னும் சுரப்பு மிகுந்து சிறுநீரைக் குறைத்துவிடலாம். அப்போது குடித்த நீர் குருதியிலேயே தங்கி உப்பை நீர்த்துப்போகச் செய்கிறது. சவ்வூடு பரவலால் உயிரணுக்களுக்குள்ளும் புகுகிறது. விரல் வீங்கினால் தோல் இடங்கொடுக்கும். மூளை வீங்கினால் மண்டையோடு இடங்கொடாது. 1985-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிம் நோக்ஸ் குழுவினர் நெடுந்தூர வீரர் நால்வரிடம் இதைக் கண்டு எழுதினர். 2002 பாஸ்டன் மராத்தானில் குருதி சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

உப்பு வில்லை போதுமே என்பர் சிலர். மிகைநீரை அது ஈடுசெய்யாது. நிலை கடுமையானால் மருத்துவர் 3 விழுக்காட்டு உப்புக்கரைசலைச் சிரைவழி செலுத்துவர். துணை செல்வோர் முதலில் வினவவேண்டியவை: தாகமா? எவ்வளவு குடித்தீர்? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது?

நண்பர் மறுநாள் தெளிந்தார். அடுத்த ஓட்டத்துக்கும் என்னை அழைத்திருக்கிறார். தண்ணீர்ப் பொறுப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.