பெட்டியைக் குறை சொல்லும் முன்

காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்கு விரையும் சிறிய பிக்கப் வண்டிகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அத்தகைய டீசல் வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு நாள் அதிகாலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகச் சுழன்றது; என்ஜின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை. பழுது காட்டும் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்த மெக்கானிக், "ஈசிஎம் பதிலே சொல்லவில்லை, அதைத்தான் மாற்ற வேண்டும்" என்றார்.

ஈசிஎம் என்பது என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி. வண்டியில் விலை மிகுந்த உறுப்புகளுள் அதுவும் ஒன்று. வாங்கும் முன் உறுதி செய்துகொள்ள விரும்பிய வண்டிக்காரர், "சார், நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்று என்னை அழைத்தார். நான் பார்த்தேன், தவறாகவும் சொன்னேன். அந்தத் தவற்றில் இயற்பியல் பாடம் ஒன்று இருப்பதால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெட்டி என்ன செய்கிறது?

என்ஜின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 50 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 360 பாகை. ஆகவே ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு விநாடியில் 18,000இல் ஒரு பங்குதான்! எந்தப் பாகையில் டீசலைத் தெளிக்க வேண்டும், எவ்வளவு நேரம் தெளிக்க வேண்டும் என்பதை இந்த வேகத்தில் கணக்கிடுவதே பெட்டியின் வேலை. சுழல் தண்டின் நிலை, குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை, ஓட்டுநர் மிதியை அழுத்தும் அளவு ஆகியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவிக்கின்றன.

1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டிரான்சிஸ்டர்களால் பெட்ரோல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பை ஃபோக்ஸ்வேகன் கார்களுக்கு அளித்தது. 1979இல் தெளிப்பையும் தீப்பொறியையும் ஒரே இலக்கமுறைப் பெட்டி கவனித்துக்கொள்ளும் அமைப்பு வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்வளவு கடுமையான விதிகளைப் பழைய இயந்திர முறைப் பம்புகளால் நிறைவேற்ற முடியாது. ஆகவே சிறிய சரக்கு வண்டிக்கும் இன்று இந்தப் பெட்டி இன்றியமையாதது.

நான் செய்த தவறு

பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்க நினைத்தேன். சரியான தொடக்கம்தான். பெட்டியில் செருகியிருந்த பெரிய பிளக்கைக் கழற்றினேன். அதில் மின்சாரம் வரும் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். அது 12.6 வோல்ட் காட்டியது. பாட்டரியின் முழு மின்னழுத்தமும் வருகிறது. பெட்டி வேலை செய்யவில்லை. எனவே பெட்டிதான் பழுது என்று முடிவு கட்டினேன்.

என் சொல்லை நம்பி வண்டிக்காரர் அதே மாதிரிப் பழைய பெட்டி ஒன்றைக் கடன் வாங்கிய பணத்தில் வாங்கி வந்தார். மாட்டிய பிறகும் வண்டி கிளம்பவில்லை. போதாக்குறைக்குச் சாவி வடிவ விளக்கு ஒன்றும் மினுக்கத் தொடங்கியது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பெரியவர் ஒருவர் என் அளவீட்டைக் கேட்டுச் சிரித்தார். "சார், பிளக்கைக் கழட்டிட்டுப் பார்த்தா பன்னெண்டு காட்டத்தான் செய்யும். அதுக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்க" என்றார். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதே இரு முனைகளுக்கும் இடையே இணைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டர் இப்போது 9.8 வோல்ட் காட்டியது!

மீதி 2.8 வோல்ட் எங்கே போயிற்று? ஓம் விதியை நினைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டில் எரியும் 21 வாட் பல்பின் மின்தடை ஏறக்குறைய 7 ஓம். பாதையில் எங்கோ ஓர் இணைப்பு துருப்பிடித்து 2 ஓம் தடையாக நிற்கிறது என்று கொள்வோம். மொத்தத் தடை 9 ஓம். மின்னோட்டம் 12.6 / 9 = 1.4 ஆம்பியர். துருப்பிடித்த இணைப்பில் இழக்கப்படுவது 1.4 × 2 = 2.8 வோல்ட். கணக்குச் சரியாகிவிட்டது.

மீட்டர் மட்டும் இருந்தபோது இந்த இழப்பு தெரியாதது ஏன்? மல்டிமீட்டரின் உள்தடை பல மெகா ஓம். அதன் வழியே பாயும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. மின்னோட்டம் இல்லாதபோது 2 ஓம் தடையில் மின்னழுத்த இழப்பும் இல்லை. ஆனால் பெட்டி வேலை செய்யும்போது 3 ஆம்பியர் எடுத்தால் அதே இணைப்பு 6 வோல்ட்டை விழுங்கிவிடும். எஞ்சிய மின்னழுத்தத்தில் பெட்டி மயங்கிப்போவதில் வியப்பில்லை.

பெரியவர் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து சென்றார். சேசிஸில் அது முடுக்கப்பட்ட இடம் பச்சையும் பழுப்புமாகத் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, போல்ட்டை இறுக்கி, பழைய பெட்டியையே மீண்டும் மாட்டினார். வண்டி உடனே கிளம்பியது. வீணாகச் செலவான பணத்தை எண்ணி நான் தலைகுனிந்து நின்றேன். பிறகு அதில் பாதியை நானே ஏற்றுக்கொண்டேன்.

வேறு இரு சோதனைகள்

பெட்டி பல உணரிகளுக்கு 5 வோல்ட் அளிக்கிறது. ஓர் உணரி உள்ளே குறுக்குச்சுற்று ஆனால், அதே வழியில் மின்சாரம் பெறும் மற்றவையும் செயலிழக்கும். உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுவே குற்றவாளி.

வண்டியிலுள்ள பெட்டிகள் ஒன்றோடொன்று இரண்டு ஒயர்கள் வழியே பேசிக்கொள்கின்றன. அந்த ஒயர்களின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. அவற்றின் தொகுபயன் தடை என்ன? 60 ஓம். பாட்டரியைக் கழற்றிவிட்டு அளக்கும்போது 120 ஓம் காட்டினால் ஒரு கோடியில் தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள்.

உண்மையிலேயே பெட்டி பழுதானால்?

இச்சோதனைகளில் எல்லாம் தேறிய பின்னும் பெட்டி பேசவில்லையானால் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது ஏன் பழுதாயிற்று என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு ரிலேயின் சுருள் 80 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் பாயும். சுருள் பழுதாகித் தடை 2 ஓமாகக் குறைந்தால் 6 ஆம்பியர்! அதாவது 40 மடங்கு. அதை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகிப்போகலாம். சுருளை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும். பாட்டரியைக் கழற்றாமல் வண்டியின் உடலில் வெல்டிங் செய்வதும், பாட்டரியை முனை மாற்றி இணைப்பதும் பெட்டியைக் கொல்லக்கூடியவை.

மாற்றும்போது முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், கையிலுள்ள ஸ்பானர் சேசிஸில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படும். வறண்ட நாளில் நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட் வரை போகலாம். ஆகவே வண்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டே பெட்டியை எடுக்க வேண்டும்; அதன் ஊசிகளை விரலால் தொடக்கூடாது.

பெட்டியின் உதிரிபாக எண் அப்படியே பொருந்த வேண்டும். அதுவும் போதாது. திருட்டைத் தடுப்பதற்காகச் சாவியின் இரகசியக் குறியீடு பெட்டியில் பதிந்துள்ளது. வேறு வண்டியின் பெட்டி நம் சாவியை அறியாது. மினுக்கிய சாவி விளக்கின் பொருள் இதுதான்! பல டீசல் வண்டிகளில், ஒவ்வொரு தெளிப்பானின் நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்கும் எண்ணையும் பெட்டிக்குள் எழுத வேண்டும். இதற்கு உரிய கருவியும் பயிற்சியும் தேவை.

நீங்களே செய்து பாருங்கள்

வண்டியில் கை வைக்க வேண்டாம். டார்ச் மின்கலங்கள் இரண்டு, இழையுள்ள டார்ச் பல்பு ஒன்று, 10 ஓம் மின்தடை ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று போதும். மின்கலங்களைத் தொடரிணைப்பில் வைத்து, அவற்றோடு மின்தடையையும் தொடராகச் சேருங்கள். அதுதான் உங்கள் துருப்பிடித்த இணைப்பு. இறுதி முனைகளில் மீட்டரை மட்டும் வைத்து அளவிடுங்கள். பிறகு அதே முனைகளில் பல்பை இணைத்து மீண்டும் அளவிடுங்கள். இரு அளவுகளையும் நோட்டில் எழுதி, வேறுபாட்டிலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள்.

என் வகுப்பிலும் இப்போது இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வண்டி பழைய பெட்டியோடுதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.