எரிந்தது மெஷின், மறுத்தது சர்வீஸ் சென்டர்: வாரன்டியை எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: பழைய வீட்டின் இரண்டு குளியலறைகளையும் இடித்துப் புதுப்பிக்கிறோம். வேலை இழுக்கும் என்று தெரிந்ததால், வாடகைக்கு எடுப்பதைவிட மேல் என்று ஹார்டுவேர் கடையில் ரூ. 8,600 கொடுத்து ஒரு ரோட்டரி ஹாமர் வாங்கினேன். ஒரு வருட வாரன்டி. நான்காவது மாதம், கொத்தனார் தரை டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது புகை வந்து நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில், “ஓவர்லோடு சார், ஆர்மெச்சர் போயிடுச்சு. கொத்தனார் கையில கொடுத்தாலே கமர்ஷியல் யூஸ்தான். வாரன்டி வராது, 3,200 ஆகும்” என்று சொல்லி மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வைண்டிங் கடையில் கொடுத்துவிடவா? கொத்தனார் கூலியில் பிடிக்கலாமா? இந்தத் தொகைக்கு நுகர்வோர் நீதிமன்றம் போனால் வக்கீல் செலவுதான் மிஞ்சும் என்கிறார்களே?

– வாசகர், திருச்சி

பதில்: முதலில், வைண்டிங் கடைக்குப் போகாதீர்கள். மெஷினை வெளியில் ஒருமுறை திறந்துவிட்டால், எந்த நிறுவனமும் அதையே காரணம் காட்டி வாரன்டியை மறுத்துவிடும். எரிந்த ஆர்மெச்சர்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் சாட்சி. அதை அப்படியே வைத்திருங்கள். வேலை நிற்கக் கூடாதென்றால் நாள் வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து ஓட்டுங்கள். அந்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நஷ்டஈடு கேட்க உதவும்.

அடுத்து, உங்களிடம் சொன்ன மறுப்பு வாய்ச்சொல்தான். அதை எழுத்தில் வாங்குவதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. மீண்டும் சர்வீஸ் சென்டருக்குப் போய் மெஷினை முறைப்படி ஒப்படையுங்கள். ஜாப் ஷீட்டில் ஒப்படைத்த தேதி, சீரியல் நம்பர், நீங்கள் சொன்ன குறை மூன்றும் இருக்க வேண்டும். வாரன்டி காலத்துக்குள் நீங்கள் கேட்டதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம். பழுது என்ன, எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், அன்றைக்கே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு நடந்ததை மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

பிரித்துப் பார்க்கும்போது உடன் இருக்கக் கேளுங்கள். ஆர்மெச்சரையும் ஃபீல்டு காயிலையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடுதான். ஃபீல்டு காயில் நன்றாக இருந்து, ஆர்மெச்சரில் ஓரிடம் மட்டும் கருகி, கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளில் ஒன்றிரண்டு மட்டும் தீய்ந்திருந்தால், வைண்டிங்கிலேயே குறை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இதுவே முடிந்த தீர்ப்பு ஆகாது. ஆனால் “ஓவர்லோடு” என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பவரிடம், “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேட்க இந்த அளவு தெரிந்தால் போதும்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கலாம். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே ஆர்மெச்சர் தண்டில்தான் இருக்கிறது. உளி சிக்கி வேகம் குறைந்தால் காற்றும் குறையும். அதே நேரம் இழுக்கும் கரண்ட் கூடும். ரோட்டரி ஹாமரில் அடி, உள்ளே அழுத்தப்படும் காற்றால் பிறக்கிறது. உடம்பு பாரத்தை மேலே போட்டு அழுத்தினால் வேலை வேகமாகாது, மோட்டார்தான் திணறும். மெல்லிய ஒயர் போட்ட நீளமான எக்ஸ்டென்ஷனில் வோல்டேஜ் இறங்குவதும், சிமென்ட் தூசி காற்றுத் துளைகளை அடைப்பதும் சேர்ந்துகொண்டால் மெஷின் தாங்காது. இப்படித்தான் ஓடியது என்று உங்களுக்கே தெரிந்தால், வழக்கை விட்டுவிட்டு ரிப்பேர் செலவையும் புது மெஷின் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

‘கமர்ஷியல் யூஸ்’ என்ற வாதத்தைப் பார்ப்போம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7)-இன்படி, விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவரைத்தான் சட்டம் விலக்குகிறது. உங்கள் வீட்டுக் குளியலறையை உங்கள் கொத்தனார் உடைப்பது உங்கள் வணிகம் ஆகாது. ஆனால் வாரன்டி கார்டின் நிபந்தனை வேறு விஷயம். அதில் ‘தொழில்முறைப் பயன்பாடு’ பற்றி என்ன அச்சாகியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். கார்டில் இல்லாத நிபந்தனையை கவுண்டரில் இருப்பவர் சேர்க்க முடியாது. கார்பன் பிரஷ் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொதுவாக வாரன்டி கிடையாது. ஆர்மெச்சரை அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எழுத்தில் மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது. புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் கேட்பார்கள். பல சிறிய தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடும் உரிமையை 2019 சட்டம் தந்திருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும், குறையைச் சரிசெய்யவோ பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கடைக்காரர், நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். உத்தரவு வர மாதங்கள் ஆகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பில் கேட்டு வாங்குங்கள். பில் தராததே சட்டப்படி முறையற்ற வணிகம். கடையில் வரும் தெர்மல் பேப்பர் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுங்கள். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் தூசியும் கையும் பட்டு அழியும், அதையும் எடுங்கள். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் வாரன்டியை நீட்டிக்கின்றன, தவறவிடாதீர்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவரும் மெஷினுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்று முன்பே விசாரியுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகவே கூடாது.

கடைசியாக, கொத்தனார் கூலியில் கை வைக்காதீர்கள். மெஷின் ஏன் எரிந்தது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்காத குற்றத்துக்கு அன்றாடக் கூலிக்காரர் மூவாயிரம் ரூபாய் இழப்பது அநியாயம். அதோடு, அவர் தவறு என்று பிடித்தம் செய்துவிட்டால், குறை மெஷினில்தான் என்று நீங்கள் நிறுவனத்திடம் வாதாடுவதும் எடுபடாது. எந்த வேலையில், எவ்வளவு நேரம், எப்படி ஓட்டினார் என்று அவரிடம் பொறுமையாகக் கேட்டு, நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். நாளை ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால், உங்களுக்காகப் பேசக்கூடிய நேரடி சாட்சி அவர்தான்.