மூன்று உடன்படிக்கைகளும் ஒரு பிரிவும்

சுன்னாகம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இந்தியாவில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் இருந்ததே, இலங்கையில் வெள்ளைக்காரரோடு யாரும் அப்படிப் பேசிக் கையெழுத்து வைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தர வரலாறு படிப்பவருக்கு வர வேண்டிய கேள்விதான்.

கையெழுத்து வைத்தார்கள். 1947 நவம்பர் 11ஆம் திகதி பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவும் தேசாதிபதி மொங்க்-மேசன் மூரும் மூன்று உடன்படிக்கைகளில் ஒப்பமிட்டார்கள். முதலாவது பாதுகாப்பு: திருகோணமலையும் கட்டுநாயக்கவும் 1957 வரை பிரித்தானியப் படைகளிடம் இருந்தது அதன் பேரில்தான். இரண்டாவது வெளிவிவகாரம். மூன்றாவதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. இலங்கையில் வேலை பார்த்த பிரித்தானிய உத்தியோகத்தரின் சேவை நிபந்தனைகளும் ஓய்வூதியமும் சுதந்திரத்துக்குப் பிறகு குறைந்துவிடக் கூடாது என்பது அது. போகிற அரசு தன் ஆட்களின் பென்சனை மறக்கவில்லை.

தமிழருக்கு என்ன எழுதப்பட்டது? ஜி. ஜி. பொன்னம்பலம் அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சபையில் பாதி ஆசனங்கள் சிறுபான்மையினருக்கு என்று கேட்டார், கிடைக்கவில்லை. கிடைத்தது அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ இல்லாத இடைஞ்சலை இன்னொன்றுக்கு விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது அது. ஐவர் ஜெனிங்ஸின் துணையோடு சேனநாயக்காவின் மந்திரிமார் 1944இல் வரைந்த நகலிலேயே இந்த வாசகம் இருந்தது. ஆணைக்குழு அதை ஏற்றது. ஆனால் நவம்பர் 11இன் மூன்று தாள்களில் அது ஒன்றிலும் இல்லை. தமிழர் தரப்பென்று யாரும் அங்கே ஒப்பமிடவும் இல்லை.

இதன் பலனை ஒரு வழக்கில் பாருங்கள். கேகாலைக் கச்சேரியில் வேலை பார்த்தவர் கோடீஸ்வரன். சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் வழக்கு வைத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு மாறானது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் செல்லுமா என்பதற்குள் போகாமலே, அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்கிட முடியாது என்று முடித்துவிட்டது. 1969இல் லண்டன் கோமறைக் கழகம், வழக்கிடலாம், மொழிச் சட்டக் கேள்வியை இலங்கையிலேயே விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவு போயிற்று.

பிரித்தானிய உத்தியோகத்தரின் பென்சனுக்கு இரண்டு அரசுகளின் ஒப்பம் காவல். தமிழ் உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்துக்கு ஒரு பிரிவு மட்டுமே காவல். நம் பக்கத்தில் எத்தனை வீடுகள் கச்சேரிச் சம்பளத்தில் கட்டியவை என்பது உங்களுக்கே தெரியும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

வேறு விதமாகச் செய்திருக்க முடியாதா? முடியும். 1921 டிசம்பரில் அயர்லாந்தின் தலைவர்கள் லண்டனில் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் உள்ளேயே, மதத்தின் பேரில் பாகுபாடு காட்டும் சட்டம் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வட அயர்லாந்து விலகி நிற்கும் உரிமையும் இருந்தது. அதனால் அங்கே சமாதானம் வந்துவிடவில்லை. உள்நாட்டுப் போரே வந்தது. ஆனாலும் சிறிய தரப்பின் கேள்வி பேச்சு மேசையில் இருந்தது.

தமிழர் சலுகைக்காகவே வெள்ளைக்காரரிடம் போனார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் ஹண்டி பேரின்பநாயகத்தின் மாணவர் காங்கிரஸ்காரர். நமக்குப் பக்கத்து இராமநாதன் கல்லூரியிலும் காந்தி பேசினார். வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அதே அமைப்புத்தான், அப்போது வந்த டொனமூர் அரசியலமைப்புத் திட்டம் முழுச் சுயராச்சியம் அல்ல என்று சொல்லி 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்க வைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் அந்த மே மாதம் ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. இலங்கையில் முழு விடுதலையை அத்தனை உரத்துக் கேட்ட மண் அப்போது இதுதான். அந்தப் பகிஷ்கரிப்பு நல்ல தந்திரமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதன் நேர்மையில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நா. பொன்னையா 1930இல் நம் சுன்னாகத்திலிருந்து தொடங்கிய 'ஈழகேசரி'யின் பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் உண்டு. சோல்பரி வந்துபோன காலம் முதல் 1948 வரை கிடைப்பவற்றைத் தேடி வாசியுங்கள். அந்த நாட்களில் நம் ஊரில் எதை எதிர்பார்த்திருந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் இராது. வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்