கணிப்பொறிக்கு வந்த நோய்

நமக்கு நோய் வந்தால் மருத்துவர், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறார். நாமும் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வைரஸ் முற்றிப்போன கணிப்பொறியிடம் அவ்வாறு கேட்டால் அது பொய் சொல்லும்! இதை மனத்திற் கொண்டால் சிகிச்சை முறை முழுவதும் எளிதில் விளங்கும்.

கணிப்பொறி வைரஸ் என்பது கிருமி அன்று. மனிதர் எழுதிய நிரலே. 1986-ஆம் ஆண்டு, பாகிஸ்தானின் லாகூர் நகரில் அல்வி சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' வைரஸ், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறியது. யாரேனும் அப்பகுதியைப் படித்துப் பார்த்தால், தான் முன்பே ஒதுக்கி வைத்திருந்த பழைய நல்ல பகுதியை எடுத்துக் காட்டி ஏமாற்றியது. என்னே தந்திரம்! இன்றும் இவ்வாறு ஒளியும் வைரஸ்கள் பல உள்ளன. ஆதலால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயுற்ற கணிப்பொறி கூறுவதை நாம் நம்பலாகாது.

முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நம் இரகசியங்கள் வெளியே செல்வது அத்துடன் நிற்கும். அடுத்து, வங்கி, மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். எங்கிருந்து? நோயற்ற வேறொரு கருவியிலிருந்துதான். அதே கணிப்பொறியில் மாற்றினால், புதிய சாவியையும் திருடன் கையிலேயே கொடுத்ததாகும் அல்லவா?

இனி வைரஸை நீக்குவோம். அது விழித்திருக்கும்போது ஒரு கோப்பை அழித்தால், மறைந்திருக்கும் மற்றொன்று அதை மீண்டும் உண்டாக்கிவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, அங்கிருந்து 'சேஃப் மோட்' சென்றால் இன்றியமையாத நிரல்கள் மட்டுமே இயங்கும். வைரஸ் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். இதனினும் சிறந்தது, விண்டோஸிலேயே உள்ள 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனை. விண்டோஸ் எழுமுன்பே அது வெளியில் நின்று வட்டை ஆராய்கிறது. சுமார் 15 நிமிடம் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால்? நாள்கணக்கில் போராடுவதை விட, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல் என்பது எங்கள் கருத்து. நல்ல கணிப்பொறி ஒன்றில், 8 ஜிபி பென் டிரைவில் அதைத் தயாரிக்கலாம். ஆனால் அழிக்குமுன் பாட்டியின் படங்கள், அப்பாவின் கணக்குகள் ஆகியவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். படங்களும் ஆவணங்களும் மட்டுமே; நிரல் எதையும் எடுக்கக்கூடாது. எடுத்தவற்றையும் வேறு கணிப்பொறியில் சோதித்த பின்பே திறக்க வேண்டும்.

அப்படங்களையே பூட்டிவிடும் கொடிய வகையும் உண்டு. 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளைத் தாக்கிய 'வானாக்ரை' அத்தகையது. வைரஸை நீக்கினாலும் பூட்டுத் திறவாது. 2016-இல் யூரோபோல் அமைப்பும் பிறரும் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகத் திறவுகோல் தருகிறது. மற்றவற்றிற்கு, முன்பே தனியாக எடுத்து வைத்த பிரதி இருந்தால்தான் படங்கள் திரும்பக் கிடைக்கும்.